பொறுப்பாசிரியர் அல்கோட் ஹெட்மான்

லின்ஹுல்ட்,
31 ஜனவரி 1993

அண்ணா,

கிறிஸ்துமஸ் அன்று உன் வீட்டு மேஜையில் கடுகுக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினேனே, அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அது உன் மகன் யெர்க்கரின் தலையில் கவிழ வேண்டிய கிண்ணம். குறி தவறியதற்கு வேண்டுமானால் வருத்தப்படுகிறேன். அகதிகளைப் பற்றி அவன் சொன்னதை மறுபடி எழுத என் கை கூசுகிறது. நீ மீனை வெட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாய். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். நானும் பதிலுக்கு வைக்கிறேன். இந்த வயதில் நமக்கு இது தேவையா? கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், அதனால் எழுதுகிறேன்.

நேற்று சனிக்கிழமை. ஊரே செய்வதுபோல நானும் பிங்கோ சீட்டையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு ரேடியோவைப் போட்டேன். வாசிக்கிற முதல் எண்ணைச் சீட்டில் குறிக்கத் தவறிவிடுவோமோ என்ற பயத்தில் எல்லோரும் கொஞ்சம் முன்னதாகவே போட்டுவிடுகிறோம் இல்லையா? சர்ச்சுக்காரர்களின் பாட்டு முடிந்திருந்தது. பிங்கோவுக்கு முந்தைய நேரத்தை இலையுதிர் காலத்திலிருந்து ஒரு புதுச் சங்கம் வாங்கியிருக்கிறது, பெயர் 'சொந்த மண்ணின் குரல்'. ஒரே அலைவரிசையை ஊர்ச் சங்கங்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும்போது யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரம் வாங்கலாம். அதில் நான் குறை சொல்ல என்ன இருக்கிறது? பழைய பாட்டு போடுவார்கள், தேனீ வளர்ப்பு பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன்.

பேசியது யெர்க்கர். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?

"ஏரிக்கரை ஓட்டல்ல அரசாங்கம் ஓசியில உக்கார வெச்சிருக்கே, அந்தக் கூட்டம் எந்த பஸ்ல ஏறுதுன்னு தெரியுமா உங்களுக்கு? சொல்றேன், எழுதிக்கங்க" என்று ஆரம்பித்தான். பஸ்ஸின் எண், காலையில் அது கிளம்பும் நேரம், மரக்கிடங்குக்குப் பக்கத்தில் திரும்புவதற்காக அது மெதுவாகப் போகும் இடம், எல்லாவற்றையும் வாசித்தான். "நம்ம ஊர்ல ஆம்பளைன்னு எவனாவது மிச்சம் இருக்கானா, பாப்போம்" என்று சொல்லிச் சிரித்தான். கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஒரு குரல் சொன்னது: "இந்த நிகழ்ச்சியின் பொறுப்பாசிரியர் அல்கோட் ஹெட்மான்." உடனே பிங்கோ இசை.

அண்ணா, உன் பெயர். நம் அப்பாவின் பெயரும் சேர்த்து. பென்சில் என் கையிலேயே இருந்தது, ஒரு எண்கூட நான் குறிக்கவில்லை.

உனக்குத் தெரிந்துதான் நடக்கிறதா இது? அந்தச் சங்கத்தின் உரிமத்தை ரத்து செய்யுங்கள் என்று ஸ்டாக்ஹோமுக்கு மனு எழுதி ஊரில் கையெழுத்து வாங்கப் போகிறேன். அதற்கு முன் உன் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வெண்ட்லா


ஸ்வார்ட்டோ,
8 பிப்ரவரி 1993

வெண்ட்லா,

உன் கடிதம் வந்தது. தபால்காரன் பனியில் ஸ்கூட்டரை முட்டவிட்டு என் கம்பி வேலியைச் சாய்த்துவிட்டான். ஆக உன் கடிதத்தால் எனக்கு முதல் நஷ்டம்.

ஆமாம், அது என் பெயர்தான். சங்கம் ஆரம்பிக்க ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும், சட்டம் அப்படி என்று யெர்க்கர் சொன்னான். "சும்மா ஒரு பேருக்குத்தாம்பா. மரியாதையான ஆளா இருந்தா நல்லதுன்னாங்க" என்றான். மரியாதையான ஆள் என்று என்னை யாராவது சொல்லி எத்தனை காலம் ஆயிற்று? மர அறுவை ஆலையை மூடியதிலிருந்து என்னிடம் யாரும் எதற்கும் கையெழுத்துக் கேட்கவில்லை. போட்டேன்.

ஆலை மூடியதைப் பற்றிப் பேசுவார்கள், பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். நான் கேட்பதில்லை. எனக்கு பிங்கோவும் பிடிக்காது.

நீ எழுதியிருப்பதை அவன் சொன்னானா இல்லையா எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் அது பேச்சு. பேச்சு பஸ்ஸை நிறுத்தாது. இந்த நாட்டில் இருநூறு வருடங்களாக எவன் வாயையும் யாரும் கட்டியதில்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நீயும் பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்தவள்தான்.

உன் அண்ணி இங்கா போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டுக்கு வருவது யெர்க்கர் ஒருவன்தான். வியாழக்கிழமை பட்டாணி சூப் வைக்கிறேன், அவன் அப்பம் சுடுகிறான். விறகு பிளந்து போடுகிறான். மனு எழுதுகிறவர்கள் விறகு பிளக்க வருவதில்லை.

அல்கோட்


லின்ஹுல்ட்,
1 மார்ச் 1993

அண்ணா,

விறகு பிளக்க நான் வரத் தயார். கதவைத் திறப்பாயா?

இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படி, உனக்காகத்தான் எழுதுகிறேன்.

மனுவோடு வீடு வீடாகப் போனேன். பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் போட்டார்கள், பாதிரியார் போட்டார், நூலகத்துப் பெண் போட்டாள். மற்றவர்களுக்கெல்லாம் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. பிங்கோ நடத்துகிற யோர்டிஸ் வாசலிலேயே மறித்தாள்.

"அடி வெண்ட்லா, உனக்கு வேற வேலை இல்லையா? அந்தப் பசங்க கத்தறதுக்கு அப்புறம்தான் நம்ம பிங்கோ. ஜனங்க முன்னாடியே ரேடியோவைப் போட்டுக் காத்திருக்கு. எனக்கு எதுக்கு வம்பு?"

"பஸ்ஸுல பிள்ளைங்க போகுது யோர்டிஸ்."

"எம் பேரனும்தான் பஸ்ஸுல போறான். ஒண்ணும் ஆகாது, போ."

கையெழுத்து போதவில்லை என்றாலும் பரவாயில்லை என்று ஸ்டாக்ஹோம் அலுவலகத்துக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். தூக்கமில்லாதவள் குரல், ஆனால் நல்லவள்.

"உங்க வேதனை புரியுதுங்க. அரசாங்கம் நெனச்ச உடனே ஒரு வானொலி வாயை அடைக்க முடியாது. முதல்ல வழக்கு, அதுல தண்டனை. அதுக்கப்புறம்தான் உரிமத்தை எடுக்கலாம்."

"சரி, போடுங்க வழக்கு. பேசினவன் பேர் சொல்றேன்."

"பேசினவர் மேல போட முடியாதுங்க. பொறுப்பாசிரியர் மேலதான். அவர் ஒருத்தர் மேல மட்டும்தான்."

"அவருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னு சொல்றது செல்லாது. யாரைப் பிடிக்கறதுன்னு குழப்பம் வரக் கூடாதுன்னுதான் ஒரே பேரு. ஜெயில்னாலும் அவருக்குத்தான்."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். யெர்க்கருக்கு இது தெரியாமல் இருக்குமா? சங்கம் ஆரம்பிக்கிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தானே! தன் வாய்க்கு விழ வேண்டிய அடிக்கு உன் முதுகைக் காட்டியிருக்கிறான் அண்ணா. அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர்கள் ஜெயிலுக்குப் போவதற்கென்றே ஒரு குடிகாரனைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக வைத்திருப்பார்கள் என்று அப்பா சொல்லிச் சிரிப்பாரே. உனக்குச் சம்பளம்கூட இல்லை.

நான் சொல்வதைச் செய். 'இனி நான் பொறுப்பாசிரியர் இல்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடு. ஒலிபரப்பானதை ஆறு மாதம்தான் நாடாவில் வைத்திருக்க வேண்டுமாம், பிறகு அழித்துவிடலாமாம். அது வரை என் மனுவை அலமாரியில் பூட்டி வைக்கிறேன். நிகழ்ச்சியிலிருந்து உன் பெயர் போய்விடும், நாடாவும் போய்விடும். அவர்கள் வேறு எவன் பெயரையாவது போட்டுக்கொள்வார்கள், போட்டுக்கொள்ளட்டும்.

பஸ் என்ன ஆகும் என்று கேட்காதே. அதை நானே என்னிடம் கேட்டுக்கொள்ளாமல்தான் இதை எழுதுகிறேன்.

வெண்ட்லா


ஸ்வார்ட்டோ,
12 மார்ச் 1993

வெண்ட்லா,

யெர்க்கரிடம் கேட்டேன். சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஜெயிலுக்கு நான்தான் போகணுமாமே?"

"யாரு சொன்னா, அத்தையா?"

"யாரு சொன்னா என்ன, ஆமாவா இல்லையா?"

"எழுத்துல அப்படித்தான் இருக்கும். உங்க வயசு ஆளை எவன் உள்ள போடுவான்? அதனாலதானேப்பா உங்க பேரு."

அவன் அதைக் கூச்சமில்லாமல் சொன்னான், எனக்கு நல்லது செய்தவன் மாதிரி. நான் விலகிவிடலாம் என்று பார்க்கிறேன் என்றேன். கரண்டியைக் கீழே வைத்தான்.

"விலகுங்க. அப்புறம் இந்த வாசப்படி நான் மிதிக்க மாட்டேன். அத்தை வந்து வெறகு பிளக்கட்டும்."

அப்பம் சுடாமலே கிளம்பிவிட்டான். அடுத்த வியாழன் நான் இரண்டு பேருக்கு சூப் வைத்தேன். வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தான். விலகுகிற பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. விறகு பிளந்தான்.

என்னால் முடியாது வெண்ட்லா. கோழை என்று சொல், கிழட்டு மடையன் என்று சொல், எனக்கு ஒன்றும் வலிக்காது. உனக்குக் கூடப் பேச ஊர் இருக்கிறது. எனக்கு அவன் ஒருவன். நாளைக்கு நான் கீழே விழுந்து கிடந்தால் வந்து பார்ப்பது அவன்தான்.

மனுவை அனுப்ப வேண்டும் என்றால் அனுப்பிக்கொள். என்னைக் கேட்காதே.

அல்கோட்


லின்ஹுல்ட்,
18 ஏப்ரல் 1993

அண்ணா,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்றால் நான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மரக்கிடங்குத் திருப்பத்தில் பஸ் மெதுவாகப் போகும்போது கல் எறிந்திருக்கிறார்கள். ஒன்றல்ல, பல கற்கள், தயாராகக் குவித்து வைத்திருந்தவை. இரண்டு ஜன்னல் நொறுங்கியது. பிள்ளைகளுக்குக் கீறலோடு போயிற்று. ஹாசிபாவுக்கு அப்படி இல்லை. எங்கள் சமையலறையில் குளிர்காலத்திலிருந்து பயிற்சிக்கு வருகிற போஸ்னியப் பெண். பக்கத்துச் சீட்டுப் பிள்ளையை இழுத்து மடியில் அமுக்கியிருக்கிறாள். ஜன்னல் கண்ணாடிச் சில்லு அவள் இடது கண்ணில் பாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதி முகத்துக்குக் கட்டு. நம் மொழி அவளுக்கு இன்னும் தத்தித் தத்தித்தான் வரும். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வெண்ட்லா, சனிக்கிழமை ரேடியோ… முடியும்போது ஒரு பேரு சொல்றாங்க. அல்கோட். அந்த ஆளு யாரு? உனக்குத் தெரியுமா?"

நான் சொன்னேன்: "தெரியாது."

"ரொம்பக் கெட்டவரா?"

"தெரியாது ஹாசிபா."

நம் அம்மா செத்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. நடைபாதையில் நின்று அழுதேன். நர்ஸ் ஒருத்தி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், அதைக் குடிக்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது. நீ கல் எறியவில்லை, தெரியும். அலமாரியில் மனுவைப் பூட்டி வைத்தவள் நான். மார்ச் மாதமே அனுப்பியிருந்தால் அந்தக் கல் விழுந்திருக்காதோ என்னவோ. அண்ணனா, யாரோ பெற்ற பிள்ளைகளா என்று பார்த்தபோது உன்னைத்தான் எடுத்தேன். அப்படி எடுத்ததற்கு உன்மேல்தான் கோபம் வருகிறது.

மனு இதோடு இருக்கிறது. என்னால் இதைத் தபாலில் போடவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. இரண்டில் எதைச் செய்தாலும் நான் மனுஷி இல்லை என்று தோன்றுகிறது. எனக்குச் சலித்துவிட்டது அண்ணா. நீயே வைத்துக்கொள். அடுப்பில் போட்டாலும் நான் கேட்க மாட்டேன்.

வெண்ட்லா


ஸ்வார்ட்டோ,
26 ஏப்ரல் 1993

வெண்ட்லா,

நிலையத்துக்குப் போனேன். நூலகத்துக்குக் கீழே, பழைய கரி அறையில் இருக்கிறது. அங்கே இருந்த பையன் யார் என்று கேட்டான். பொறுப்பாசிரியர் என்றேன். எழுந்து நின்றான், நாற்காலி கொடுத்தான். பொறுப்பாசிரியர் கேட்டால் நாடாவைப் போட்டுக் காட்ட வேண்டுமாம். எனக்கு இவ்வளவு அதிகாரம் இருப்பது இத்தனை நாள் தெரியாது.

எல்லா நாடாவையும் கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்து போகவில்லை. நீ எழுதியது குறைவு வெண்ட்லா. என்னவெல்லாம் சொல்லியிருக்கிறான்! ஒவ்வொன்றும் முடியும்போது என் பெயர். முதலில் யாரையோ சொல்வதுபோல இருந்தது. போகப் போக, பேசியதே நான்தான் என்று பட ஆரம்பித்தது.

ஒரு நிகழ்ச்சி வேண்டாம் என்று பொறுப்பாசிரியர் சொன்னால் அதை ஒலிபரப்பக் கூடாது, அதுவும் சட்டம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இந்தச் சனிக்கிழமை சர்ச்சுப் பாட்டுக்கும் பிங்கோவுக்கும் நடுவில் ரேடியோவில் ஒன்றுமே வரவில்லை, கேட்டிருப்பாய். ஆனால் ஜூன் மாதம் சங்கக் கூட்டம் இருக்கிறது. என்னைத் தூக்கிவிட்டு வேறொருவனைப் போடுவார்கள், மறுபடி ஆரம்பிப்பார்கள். அந்த ஸ்டாக்ஹோம் பெண் சொன்னது சரிதான். ஒருவன் தண்டனை வாங்கினால்தான் உரிமம் போகும்.

உன் மனுவில் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. என் பெயரை எழுதினேன். பொறுப்பாசிரியர் என்றும் போட்டேன். பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

யெர்க்கர் தன்னிடம் இருந்த என் வீட்டுச் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பெண்ணிடம் தெரியாது என்று சொன்னாயே, அது சரி. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அல்கோட்


லின்ஹுல்ட்,
29 ஜூன் 1993

அண்ணா,

உன்னை என்ன சொல்வது? உன் காலில் விழவா, உன்னைப் பிடித்து உலுக்கவா? வழக்கு செப்டம்பரில் என்று தெரிந்ததும் உன் வக்கீலைப் பார்த்தேன். "பெரியவர் எதையும் கேட்டதில்ல, பையன் ஏமாத்திட்டான்னு சொல்லட்டும். ஜூரி மனசு இளகும். அபராதத்தோட போயிடும்" என்கிறார். உண்மையும் அதுதானே? ஒலிபரப்பானபோது நீ கேட்கவில்லைதானே? அதை மட்டும் சொல். மகனைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்காதே, சட்டம்தான் அவனைத் தொடாதே!

ஸ்டாக்ஹோமிலிருந்து ஆட்கள் வந்து விசாரித்ததில் பிங்கோவையும் வழக்கு முடிகிற வரைக்கும் சங்கங்கள் தள்ளி வைத்துவிட்டன. மத்தியகோடை விழாவில் பூ அலங்காரக் கம்பத்தைச் சுற்றி எல்லோரும் ஆடியபோது என் கையைப் பிடிக்க இரண்டு பக்கமும் ஆள் இல்லை. யோர்டிஸ் என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்: "சொந்த அண்ணனையே மாட்டிவிட்டவ, நம்மளை விட்டுவைப்பாளா?" நான் ஸ்ட்ராபெர்ரி கேக்கைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கல் எறிந்தவர்கள் இன்னும் அகப்படவில்லை. ஹாசிபா வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஒரு கண்ணோடு உருளைக்கிழங்கு உரிக்கிறாள், என்னைவிட வேகமாக.

கோர்ட்டில் தெரியாது என்று சொல் அண்ணா. இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேள்.

வெண்ட்லா


லின்ஹுல்ட்,
17 அக்டோபர் 1993

அண்ணா,

நீ என் பேச்சைக் கேட்கவில்லை. என்றைக்குக் கேட்டிருக்கிறாய்?

கோர்ட்டில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வக்கீல் உன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையைப் பிடுங்க எவ்வளவு பாடுபட்டார். "ஒலிபரப்பானப்போ நீங்க இந்த நிகழ்ச்சிகளைக் கேட்டதில்லை, அப்படித்தானே?" நீ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "கேட்டிருக்கணும். என் பேருல போச்சு." வக்கீல் பேனாவை மேஜையில் போட்டதை நான் பார்த்தேன். அந்த நேரம் உன்னைக் கொன்றுவிடலாம் போல ஆத்திரம் வந்தது. உன்னை அப்படிப் பெருமையாக நான் பார்த்ததும் இல்லை. யெர்க்கர் வரவே இல்லை.

உரிமத்தை ஓராண்டுக்கு ரத்து செய்துவிட்டார்கள், கடிதம் வந்தது. பிங்கோ திரும்பிவிட்டது. முன்னால் ஒரு மணி நேரம் இப்போது தேனீ வளர்ப்பவர்கள் பேசுகிறார்கள். நிஜமாகவே.

ஹாசிபாவிடம் சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்கு வாளிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

"அந்த அல்கோட் என் அண்ணன். அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஜெயில்ல இருக்காரா?"

"ஆமா. பிப்ரவரி வரைக்கும்."

"அங்க குளிருமா?"

"தெரியல. எழுதிக் கேக்கறேன்."

அவ்வளவுதான் பேசினாள். மறுநாளிலிருந்து வேறு மேஜையில் உட்காருகிறாள். கோபமா, என்னைப் பார்க்கச் சங்கடமா, புரியவில்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. எல்லாம் முடிந்த பிறகு மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

அங்கே குளிருமா?

வெண்ட்லா


12 டிசம்பர் 1993

வெண்ட்லா,

குளிராது. சொல்லிவிடு. அறைக்கு அறை வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, என் வீட்டைவிட மேல். தச்சுப் பட்டறையில் வேலை. மதில்கூட இல்லை, ஒரு வேலிதான், அதுவும் என் வேலியைவிட நன்றாக நிற்கிறது. சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

நேற்று யெர்க்கர் வந்தான்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நீதான் வந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவன் நின்றுகொண்டிருந்தான், தலைமுடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டு. குங்குமப்பூ ரொட்டி கொண்டுவந்திருந்தான், இங்கா சுடுவது மாதிரியே, உலர்திராட்சை வைத்து. தானே சுட்டானாம். வெண்ட்லா, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏப்ரலுக்குப் பிறகு இப்போதுதான் அவன் முகத்தைப் பார்க்கிறேன். இளைத்திருக்கிறான். சாப்பிட்டாயா, கார் ஓடுகிறதா, குழாய் உறைந்துவிட்டதா என்று ஏதேதோ கேட்டேன். அவனும் பதில் சொன்னான். நான் உள்ளே வந்தது இதற்காக என்றால்கூடப் பரவாயில்லை என்று அந்தக் கொஞ்ச நேரம் நினைத்தேன்.

அப்புறம் கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான்.

"புதுச் சங்கம்பா. வேற பேரு. பழைய உரிமத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பொறுப்பாசிரியர் மட்டும் வேணும்."

நான் ரொட்டியை மேஜையில் வைத்தேன்.

"நீங்க ஏற்கெனவே உள்ள இருக்கீங்க. இன்னொரு தடவைன்னா உங்களுக்கு என்ன பெருசா ஆயிடப் போகுது? யாரைக் கேட்டாலும் பயப்படறானுங்க. எல்லாம் வாய்தான்."

கிண்டல் இல்லை வெண்ட்லா. மனசாரத்தான் கேட்டான். மகன் அப்பனிடம் கார் கேட்கிற மாதிரி கேட்டான்.

ஒரு பெண்ணின் கண் போயிற்றே என்றேன். "கல்லை நான் எறியல" என்றான்.

"சரி, பேனா குடு" என்றேன். கொடுத்தான். முகம் மலர்ந்துவிட்டது. காகிதத்தை அவன் பக்கம் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்தேன்.

"உன் பேரை எழுதுடா."

"அப்பா…"

"நீதானே பேசற. உன் பேரை எழுது. இங்க பக்கத்து அறை காலியாத்தான் இருக்கு, தச்சு வேலை சொல்லித் தரேன். எழுதினா தினம் பாத்துக்கலாம்."

நான் பாதி வேடிக்கையாகத்தான் சொன்னேன். மீதிப் பாதி என்ன என்று என்னைக் கேட்காதே. அவன் எழுதிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். பேனாவை எடுத்தான். காகிதத்துக்கு மேலே பிடித்தான், முனை காகிதத்தைத் தொடவில்லை. காவலர் நேரமாகிவிட்டது என்று கதவில் தட்டினார். மூடியைப் போட்டுப் பேனாவைச் சட்டைப் பையில் செருகினான், காகிதத்தை மடித்தான்.

"பனி ஜாஸ்தியாகுது. நான் கெளம்பறேம்பா. ஒடம்பைப் பாத்துக்கங்க."

ஜன்னலிலிருந்து பார்த்தேன். கார் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிவிட்டு ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

என் மகனுக்குத் தன் பெயரை எழுத தைரியம் இல்லை. அது எனக்கு அவமானமாக இருக்கிறது. அதற்காகக் கடவுளுக்கு நன்றியும் சொன்னேன். அவன் இனி வர மாட்டான், எனக்குத் தெரியும், நான் காகிதத்தை அப்படித் திருப்பி வைத்தபோதே தெரியும்.

ரொட்டியை இங்கே யாருக்கும் கொடுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே தின்றேன்.

அல்கோட்